ஜி.எஸ்.டி. ரோட்டில் பரோட்டா: ஒரு சின்ன சரித்திரம்

அமெரிக்காவில் ஒரு கூட்டம் இருக்கிறது. காரை எடுத்துக்கொண்டு மாநிலம் மாநிலமாகப் போய், ஹாட் டாக் வாங்கித் தின்று, மார்க் போடுவதுதான் அவர்களுக்குப் பொழுதுபோக்கு. நியூயார்க்கில் கடுகு சாஸும் புளிக்கவைத்த முட்டைக்கோஸும் போட்டுக் கொடுப்பார்கள். சிகாகோவில் போய் கெச்சப் கேட்டால் கடைக்காரர் முறைப்பார். ஜெர்மனியிலிருந்து பிழைக்க வந்தவர்கள் கொண்டுவந்த சாஸேஜ், ஒரு பன்னுக்குள் ஏறி, தெருவோரத்தில் நின்றபடியே தின்னும் பண்டமாகி, கடைசியில் தேசியப் பண்டமாகிவிட்டது. 1939-ல் இங்கிலாந்து ராஜா ஆறாம் ஜார்ஜ் அமெரிக்கா போனபோது, ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வீட்டு விருந்தில் அவருக்கே ஹாட் டாக் பரிமாறினார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைப் படித்ததும் எனக்கு வந்த கேள்வி: நம்ம ஊரில் இதற்கு ஈடு எது?

இட்லி என்றான் கூடப் படிக்கும் ஒரு நண்பன். இட்லி கிடையாது. இட்லி வீட்டுப் பண்டம், அம்மா கையில் இருக்கிறது. ஹாட் டாக்குக்கு ஈடாக ஒன்று வேண்டுமானால் அது தெருவில் இருக்க வேண்டும், ராத்திரியில் கிடைக்க வேண்டும், ஊருக்கு ஊர் மாற வேண்டும், வெளியிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும், டாக்டர் திட்ட வேண்டும், அப்படியும் ஜனங்கள் விடாமல் தின்ன வேண்டும். இந்த ஆறு தகுதியும் உள்ள ஒரே ஆள் பரோட்டா.

ஆக, போன செமஸ்டர் லீவில் பல்லாவரத்திலிருந்து பெருங்களத்தூர் வரை ஜி.எஸ்.டி. ரோட்டில் பரோட்டா தின்று மார்க் போட்டேன். ஆனால் இந்தக் கட்டுரை மார்க் பற்றியது மட்டும் இல்லை. தின்னத் தின்ன, இந்த வெள்ளை மாவு எப்படி அரிசி நாட்டுக்குள் நுழைந்தது என்று தேட ஆரம்பித்து, அது எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய்விட்டது. அதைச் சொல்லிவிட்டு மார்க்குக்கு வருகிறேன்.

அரிசி இல்லாத காலம்

முதலில் ஒரு சின்ன விஷயம். தமிழ்நாட்டில் கோதுமை விளைச்சல் என்று சொல்லிக்கொள்ளும்படி எதுவும் கிடையாது. நம்ம மண்ணில் விளையாத ஒன்றை அரைத்த மாவுதான் மைதா. அப்படி இருக்க, தூத்துக்குடியிலிருந்து தாம்பரம் வரை தெருவுக்கு ஒரு பரோட்டாக் கல் எப்படி வந்தது?

பரோட்டாவுக்குப் பிறந்த தேதி கிடையாது. வடக்கே இருக்கும் பராட்டாதான் பெயரில் இதற்கு மூத்தவர். அங்கே அது கோதுமை மாவு, இங்கே மைதா. ஊற்றிக்கொள்ளும் சால்னாகூட உருதுவின் 'சாலன்' வழி வந்த சொல்தான். ஆனால் நம்ம பக்கம் பரோட்டா பெருகிய கதையைப் பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் இரண்டாவது உலகப் போரில் ஆரம்பிப்பார்கள். அதில் அர்த்தம் இருக்கிறது.

போருக்கு முன்பு மதராஸ் மாகாணம் பர்மா அரிசியை நம்பிக்கொண்டிருந்தது. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பான்காரர்கள் கையில் விழுந்தது. அரிசிக் கப்பல் நின்றுபோனது. அடுத்த வருடம் வங்காளத்தில் பஞ்சம். இங்கே ரேஷன். அரிசியையே தெய்வமாக வைத்திருந்த ஊரில் 'கோதுமை சாப்பிடுங்கள்' என்று சொல்ல வேண்டிய நிலைமை. சப்பாத்தி போடத் தெரியாத வீடுகளில் கோதுமையை வைத்து என்ன செய்வது? கஞ்சி காய்ச்சினார்கள், உப்புமா கிண்டினார்கள். கடைக்காரர்கள் கையில் அது வேறு ரூபம் எடுத்தது.

கப்பலில் வந்த கோதுமை

சுதந்திரம் வந்தும் பற்றாக்குறை போகவில்லை. 1954-ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. பொதுச் சட்டம் 480, சுருக்கமாக பி.எல். 480. அங்கே விளைந்து குவிந்துபோன தானியத்தை ஏழை நாடுகளுக்கு அவரவர் நாட்டுப் பணத்துக்கே விற்கலாம் என்பது அதன் சாரம். டாலர் வேண்டாம், ரூபாய் கொடுத்தால் போதும். 1956-ல் இந்தியா முதல் ஒப்பந்தம் போட்டது. 1960 ஒப்பந்தத்தில் நான்கு வருடத்துக்கு 1 கோடியே 60 லட்சம் டன் கோதுமை. 1965, 66 இரண்டு வருடமும் மழை ஏமாற்றிவிட, 1966-ல் மட்டும் சுமார் 1 கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்து இறங்கியது. 'கப்பலிலிருந்து வாய்க்கு' என்று அந்தக் காலத்து வாழ்க்கையைச் சொல்வார்கள். கப்பல் தாமதமானால் அடுப்பும் தாமதம்.

1965-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி வாரத்தில் ஒரு வேளை சாப்பாட்டை விடுங்கள் என்று கேட்டுக்கொண்டதும், பல ஹோட்டல்கள் திங்கட்கிழமை ராத்திரி மூடியதும் இந்தக் காலத்தில்தான். தமிழ்நாட்டில் அரிசிப் பிரச்சினை ஆட்சியையே மாற்றியது. 1967 தேர்தலில் தி.மு.க. 'ரூபாய்க்கு மூன்று படி அரிசி' என்று சொன்னது. ஜெயித்ததற்கு இந்தி எதிர்ப்பு ஒரு பெரிய காரணம் என்றால், அரிசி இன்னொரு பெரிய காரணம். வந்த பிறகு சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி கொடுத்தார்கள். ஒரு படி அரிசிக்கு ஓட்டு விழுந்த காலத்தில், வயிறு நிறைய, மலிவாக, அரிசி இல்லாமல் ஒரு பண்டம் கிடைத்தால் யார்தான் விடுவார்கள்?

காமர்ஸ் மாணவன் என்பதால் இதில் ஒரு கணக்கு எனக்கு ரொம்பப் பிடித்தது. நாம் ரூபாயில் கொடுத்த பணம் எல்லாம் இந்தியாவிலேயே அமெரிக்காவின் கணக்கில் சேர்ந்துகொண்டே போனது. அவர்களால் அதை இங்கே செலவழித்துத் தீர்க்க முடியவில்லை. 1974-ல் அமெரிக்கத் தூதர் டேனியல் பாட்ரிக் மொய்னிஹன் 1,664 கோடி ரூபாய்க்கு ஒரு காசோலையை இந்திய அரசிடமே திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு உலகத்திலேயே பெரிய காசோலை என்று கின்னஸில் ஏறியது. நாம் தின்ற கோதுமைக்கான பில்லில் பெரும்பகுதியை அவர்களே கிழித்துப் போட்ட மாதிரி. (இதை அக்கவுண்டன்சி பேப்பரில் எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எங்கள் வகுப்பில் ஒரு மணி நேரம் சண்டை நடந்தது.)

ஆக, ஹாட் டாக் பன்னும் அறுபதுகளின் பரோட்டாவும் ஒரே வயலில் விளைந்த கோதுமையாக இருந்திருக்கலாம். அங்கே அது மிச்சம், இங்கே அது பசி.

போனவர்களும் வந்தவர்களும்

மாவு கிடைத்தால் போதுமா? அதை வீசத் தெரிந்த கை வேண்டும். அந்தக் கை கடல் தாண்டிப் போய்வந்த கை.

பினாங்கிலும் சிங்கப்பூரிலும் தமிழ் முஸ்லிம்கள் போட்ட கடைகளில் இதே பரோட்டாதான் வேறு பெயரில் இருக்கிறது. மலேசியாவில் ரொட்டி சானாய், சிங்கப்பூரில் ரொட்டி பிராட்டா. 'சென்னை'தான் சானாய் ஆனது என்று நம்ம ஆட்கள் காலரைத் தூக்கிக்கொள்வது உண்டு. மலாய் மொழியில் சானாய் என்றால் மாவைப் பிசைந்து தேய்ப்பது என்று இன்னொரு விளக்கமும் இருக்கிறது. எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது. என்ன இருந்தாலும் அதைத் தேய்த்த கை நம்ம கை.

இலங்கையில் இது கொத்து ரொட்டி. அங்கேயிருந்து நம்ம பக்கத்துக்கு ஒரு நேர் ரயிலே இருந்தது. எழும்பூரில் போட் மெயிலில் ஏறினால், தாம்பரம் தாண்டி, தனுஷ்கோடி போய், அங்கே கப்பல் மாறி, தலைமன்னாரில் மறுபடி ரயில் பிடித்துக் கொழும்பு போகலாம். 1914-ல் தொடங்கிய இந்த வழியை 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியோடு சேர்த்து அழித்தது. அதற்கு இரண்டு மாதம் முன்புதான் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம். தோட்டத் தொழிலாளர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று முடிவானது. அடுத்த இருபது வருடம் அந்த ஜனம் மூட்டை முடிச்சோடு வந்து இறங்கிக்கொண்டே இருந்தது. நம்ம கடைப் பலகையில் 'சிலோன் பரோட்டா' என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தப் பெயருக்குப் பின்னால் இத்தனை பேர் இருக்கிறார்கள்.

பர்மாவும் அப்படியே. 1962-ல் அங்கே ராணுவ ஆட்சி வந்த பிறகு தமிழர்கள் கூட்டம் கூட்டமாகத் திரும்பினார்கள். நம்ம எலெக்ட்ரிக் ட்ரெயினின் அந்த முனையில், பீச் ஸ்டேஷனுக்கு எதிரே, பர்மா பஜாரும் அத்தோவும் அவர்கள் கொண்டுவந்தது. விருதுநகரில் பேர்போன ஒரு பரோட்டாக் கடையின் பெயரே பர்மா கடை.

தெற்கே ஊருக்கு ஒரு ருசி

ஹாட் டாக்குக்கு நியூயார்க், சிகாகோ என்று இருப்பதுபோல் நமக்கு தெற்கத்திச் சீமை.

விருதுநகரில் எண்ணெய் பரோட்டா. கல்லில் சுடுவதோடு விடாமல் எண்ணெயில் பொரித்தே எடுப்பார்கள். எண்ணெய் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர், பரோட்டாவும் அப்படித்தான் இருக்கும். பிய்த்தால் முறுக்கு மாதிரி சத்தம் வரும். மதுரையில் பன் பரோட்டா, குட்டியாக, உப்பலாக. தூத்துக்குடியில் சாயங்காலம் திறந்து ராத்திரி முழுக்க நடக்கும் பரோட்டாக் கடைகளுக்கு 'நைட் கிளப்' என்றே பெயர். வெளியூர்க்காரன் யாராவது நைட் கிளப் என்று ஆசையாகப் போனால் கல்லும் சால்னாவும்தான் வரவேற்கும். காபி கிளப் என்ற பழைய சொல்லில் இருந்த அதே கிளப்தான் இது.

குற்றாலத்துக்குப் போகிறவர்கள் தவறவிடாத இடம் செங்கோட்டை பக்கத்துப் பிரானூர் பார்டர். சின்னச் சின்னப் பரோட்டா, நாட்டுக்கோழி. இப்போது கேரள எல்லை அங்கிருந்து மேற்கே மலைப் பக்கம் இருக்கிறது. பிறகு ஏன் 'பார்டர்'? 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. எல்லைக்கோடு நகர்ந்துவிட்டது, பெயர் மட்டும் நகரவில்லை. மாநிலங்கள் பிரிந்த கதையைப் பாடப் புத்தகத்தைவிட ஒரு பரோட்டாக் கடைப் பெயர் நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம்ம ஹோட்டல் சரித்திரம் ஒன்றும் அவ்வளவு யோக்கியமானது கிடையாது. ரயில்வே ஸ்டேஷன் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்குத் தனி இடம் என்ற ஏற்பாடு 1941 வரை இருந்தது. 1957-லும் திருவல்லிக்கேணியில் ஒரு ஹோட்டல் போர்டில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி பெரியார் இயக்கத்தினர் மறியல் செய்ய வேண்டியிருந்தது. கிராமத்து டீக்கடைகளில் இரட்டை டம்ளர் அதற்குப் பிறகும் இருந்தது. இந்தப் பின்னணியில், நகரத்துச் சாலையோரத்தில் ஒரு பரோட்டாக் கடை பெஞ்சில் லாரி டிரைவரும் மில் தொழிலாளியும் காலேஜ் பையனும் ஒட்டி உட்கார்ந்து ஒரே வாளி சால்னாவை ஊற்றிக்கொண்டது சின்ன விஷயம் இல்லை. பரோட்டா ஜாதியை ஒழித்துவிட்டது என்று புருடா விட மாட்டேன். ஆனால் எந்தப் பழைய சாஸ்திரத்திலும் இடம் இல்லாத புதுப் பண்டம் என்பதால், அதைத் தின்ன எந்தப் பழைய விதியும் இல்லை. அது ஒரு வசதிதான்.

தாம்பரத்துக்கு எப்படி வந்தது

தெற்கேயிருந்து பஸ்ஸிலோ ரயிலிலோ வருகிறவனுக்கு சென்னை ஆரம்பிப்பது தாம்பரத்தில். 1931-லேயே பீச் - தாம்பரம் எலெக்ட்ரிக் ட்ரெயின் ஓடத் தொடங்கிவிட்டது. நெல்லை, தூத்துக்குடி, விருதுநகர், மதுரைக்காரர்கள் வந்து இறங்கி, 'இங்கேயே ஒரு ரூம் பார்த்துக்கலாம், ஊருக்குப் போக வர சௌகரியம்' என்று தங்கிய இடங்கள்தான் குரோம்பேட்டையும் தாம்பரமும் பெருங்களத்தூரும். 1984-ல் சானடோரியத்தில் மெப்ஸ் வந்தது. ஷிப்ட் முடிந்து ராத்திரி வெளியே வருகிறவனுக்கு அந்த நேரத்தில் என்ன கிடைக்கும்? இட்லி மாவு தீர்ந்திருக்கும். சாப்பாட்டுக் கடை மூடியிருக்கும். கல் மட்டும் சூடாக இருக்கும்.

2023 டிசம்பரில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கும் வரை தீபாவளிக்கு முதல் நாள் பெருங்களத்தூரைப் பார்த்திருக்க வேண்டும். பாதி தென் தமிழ்நாடு பையோடு ரோட்டில் நிற்கும். மிச்சப் பாதி பரோட்டாக் கடையில் நிற்கும்.

சரி, மார்க். மொத்தம் 10. அடுக்குக்கு 3, சால்னாவுக்கு 3, சூட்டுக்கு 2. மீதி 2, மூன்றாவது தடவை சால்னா கேட்கும்போது பரிமாறுகிறவர் முகம் எப்படி இருக்கிறது என்பதற்கு. கடைப் பெயர் போட மாட்டேன். நான் மறுபடியும் அங்கே சாப்பிட வேண்டும்.

பல்லாவரம் பக்கம் ஒரு கடை: 6. அடுக்கு நன்றாக வந்திருந்தது, ஆனால் முன்னாலேயே சுட்டு அடுக்கிவைத்தது, ஆறிப்போய் ரப்பர். குரோம்பேட்டை ஸ்டேஷன் பக்கம்: 7. சால்னாவில் தேங்காய், கசகசா, சோம்பு மூன்றும் தெரிந்தது. சேலையூர் போகும் வழியில் ஏசி போட்ட ஒரு கடை: 4. தட்டில் கொத்தமல்லி தூவி அழகாக வந்தது, சால்னாவை ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்து, இன்னொரு கிண்ணத்துக்குத் தனி பில் போட்டார்கள். சால்னாவுக்கு பில் போடும் கடை பரோட்டாக் கடையே இல்லை என்பது என் தாழ்மையான கருத்து. முடிச்சூர் ரோட்டில் தள்ளுவண்டி: 8. பெருங்களத்தூரில் தகரக் கூரை போட்ட ஒரு கடை: 9. அந்த 9-க்குக் காரணம் ஒரு மாஸ்டர்.

கல்லுக்குப் பின்னால் நிற்கிறவர்

ராத்திரி பத்தரை மணிக்குக் கூட்டம் குறைந்த நேரத்தில் பேச்சுக் கொடுத்தேன். சங்கரன்கோவில் பக்கம். ஐம்பது வயது இருக்கும்.

"அண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை கிலோ மாவுண்ணே?"

"சாதா நாள்ல இருபது, ஞாயித்துக்கெழமைன்னா முப்பதைத் தாண்டும். ஏன் தம்பி, கடை போடப் போறியளா?"

"இல்லண்ணே, காமர்ஸ் படிக்கிறேன்."

"அப்ப கணக்கு நீங்க பாருங்க. கல்லு நான் பாக்கேன்."

கணக்குப் பார்த்தேன். ஒரு கிலோ மைதாவில் உருண்டையின் அளவைப் பொறுத்து 15-லிருந்து 20 பரோட்டா வரும். மைதா கிலோ 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு பரோட்டாவுக்கு மாவுக் காசு சுமார் 3 ரூபாய். நான் சுற்றிய கடைகளில் ஒரு பரோட்டா 15-லிருந்து 20 ரூபாய். மீதி எங்கே போகிறது? எண்ணெய், கேஸ், வாடகை, சம்பளம், அப்புறம் இலவசமாக வாளி வாளியாக ஓடும் எம்ப்டி சால்னா. கறித்துண்டு இல்லாத சால்னாவுக்குத்தான் அந்தப் பெயர். ஆம்லெட், சுக்கா, சில்லி சிக்கன் வாங்குகிறவனின் லாபத்தில், வெறும் இரண்டு பரோட்டா வாங்குகிறவனின் சால்னா ஓடுகிறது. கிராஸ் சப்சிடி என்று மூன்று பக்கம் படித்தேன், தகரக் கூரையின் கீழ் ஒரு வாளியில் புரிந்தது.

ஆனால் கணக்கில் வராத ஒன்று இருக்கிறது. மாவைப் பிசைந்து ஊற வைக்க வேண்டும். ஊறினால்தான் மாவில் உள்ள பசை தளர்ந்து, இழுத்தால் கிழியாமல் நீளும். உருண்டை பிடித்து எண்ணெயில் மறுபடி ஊற வைக்க வேண்டும். பிறகு கல்லில் தட்டி, தூக்கி வீசி, தாள் மாதிரி ஆக்கி, மடிப்பு மடிப்பாகச் சுருக்கி, சுருட்டி, மறுபடி ஊற வைத்து, தட்டி, சுட்டு, கடைசியில் நாலைந்தை அடுக்கி இரண்டு கையாலும் பக்கவாட்டில் அடிக்க வேண்டும். சூட்டோடு சூடாக அடித்தால்தான் அடுக்கு பிரியும். அவர் உள்ளங்கையைக் காட்டினார். நெருப்பு சுடாத அளவுக்குத் தோல் காய்த்துப் போயிருந்தது.

அவருடைய பையன் எலெக்ட்ரிக்கல் டிப்ளமோ. 'இந்தக் கல்லு என்னோட போகட்டும் தம்பி' என்றார். பக்கத்தில் மாவு பிசைந்துகொண்டிருந்த பையன் ஒடிசாக்காரன், வந்து எட்டு மாதம், இப்போதுதான் வீச்சு கற்றுக்கொண்டிருக்கிறான். மதுரையில் பரோட்டா போடுவதற்குப் பயிற்சி மையமே நடக்கிறது என்று செய்தியில் பார்த்தேன். ஒரு காலத்தில் தமிழன் ரங்கூனிலும் பினாங்கிலும் கல்லுக்குப் பின்னால் நின்றான். இப்போது தாம்பரத்தில் ஒடிசாக்காரன் நிற்கிறான். ஊர்விட்டு ஊர் போனவன் கையில்தான் இந்தப் பண்டம் எப்போதும் வளர்ந்திருக்கிறது. அதனால் 'வடக்கத்தியான் போட்ட பரோட்டா நல்லா இருக்காது' என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ரொட்டி சானாயைப் பற்றிப் பினாங்கில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் நம்ம தாத்தாக்கள் கதி என்ன?

விஷமா?

'மைதா விஷம், பரோட்டா தின்றால் சர்க்கரை நோய்' என்ற மெசேஜ் உங்களுக்கும் வந்திருக்கும். அதில் அலோக்சான் என்ற ரசாயனத்தின் பெயர் தவறாமல் இருக்கும். ஆய்வகத்தில் எலிகளுக்குச் சர்க்கரை நோயை வரவழைக்க அலோக்சானை ஊசியில் ஏற்றுவார்கள் என்பது உண்மை. பரோட்டா தின்பதால் அந்த அளவு நம் உடம்பில் ஏறுகிறது என்பதற்கு ஆதாரம் இல்லை. அதற்காக மைதா அமிர்தம் என்றும் சொல்லவில்லை. தவிட்டை நீக்கிய மாவு, நார்ச்சத்து மிகக் குறைவு, எண்ணெய் அதிகம், தின்பதும் படுக்கப் போகும் நேரத்தில். தினமும் தின்றால் உடம்பு கணக்குக் கேட்கும். இதைச் சொல்ல எலி தேவையில்லை.

ஹாட் டாக்கும் இந்தச் சந்தேகத்தில் தப்பவில்லை. நேதன் ஹாண்ட்வெர்க்கர் என்று போலந்திலிருந்து வந்தவர் 1916-ல் நியூயார்க் கோனி ஐலண்டில் 5 சென்ட்டுக்கு ஹாட் டாக் விற்க ஆரம்பித்தார். இவ்வளவு மலிவாக இருந்தால் உள்ளே என்ன இருக்குமோ என்று ஜனங்கள் பயந்தார்களாம். ஆட்களுக்கு டாக்டர் மாதிரி வெள்ளைக் கோட்டு மாட்டிக் கடை முன்னால் நின்று தின்ன வைத்தார் என்று ஒரு கதை உண்டு. இன்றைக்கு அந்தக் கடைப் பெயரில் ஜூலை 4-ம் தேதி தின்னும் போட்டியே நடக்கிறது. 2021-ல் ஜோயி செஸ்ட்நட் 10 நிமிடத்தில் 76 தின்றார். நமக்கு 2009-ல் வந்த 'வெண்ணிலா கபடி குழு' இருக்கிறது. 50 பரோட்டா பந்தயத்தில் கணக்குத் தகராறு வந்ததும், 'மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்போம்' என்று உட்கார்ந்த சூரிக்கு 'பரோட்டா சூரி' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

ஜி.எஸ்.டி. மேல் ஜி.எஸ்.டி.

தாம்பரத்துக்காரனுக்கு ஜி.எஸ்.டி. என்றால் முதலில் ரோடு, கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. 2017 ஜூலை 1-லிருந்துதான் அது வரியும் ஆனது. அந்த வரியிலும் பரோட்டா மாட்டிக்கொண்டது.

2020-ல் பெங்களூருவின் ஐடி ஃப்ரெஷ் ஃபுட் நிறுவனம், பாக்கெட் பரோட்டாவுக்கு ரொட்டி, சப்பாத்தி மாதிரி 5 சதவீதம்தானே என்று கர்நாடகத்தில் அட்வான்ஸ் ரூலிங் கேட்டது. இல்லை, பரோட்டாவைத் தின்னும் முன் மறுபடி சூடாக்க வேண்டும், அது ரொட்டி வகையில் சேராது, 18 சதவீதம் என்று பதில் வந்தது. இணையமே கொதித்தது. பரோட்டா ரொட்டியா இல்லையா என்பது தேசியப் பிரச்சினையானது. 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் மலபார் பரோட்டா வழக்கில் 5 சதவீதம்தான் என்றது. கடைசியில் 2025 செப்டம்பர் 22 முதல் ரொட்டி, சப்பாத்தி, பரோட்டா எல்லாவற்றுக்கும் வரி பூஜ்யம். (இது பாக்கெட் பரோட்டாவுக்கு. ஹோட்டலில் உட்கார்ந்து தின்றால் ஹோட்டல் வரி தனி. வருடத்துக்கு 20 லட்சத்துக்குள் வியாபாரம் செய்யும் தள்ளுவண்டிக்கு இந்தக் கவலையே இல்லை.) சிரிக்காதீர்கள், நியூயார்க் மாநில வரித்துறை ஹாட் டாக்கை சாண்ட்விச் கணக்கில் சேர்த்து வைத்திருக்கிறது. அங்கேயும் அது தீராத சண்டை.

பரோட்டா ரொட்டிதான் என்று அரசாங்கம் ஒத்துக்கொள்ள எட்டு வருடம் ஆனது. பரோட்டா நம்ம சாப்பாடுதான் என்று நம்மில் பலர் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை. 'அது மைதா, அது வெளிநாடு, அது கண்டவனும் தின்கிறது' என்று மூக்கைச் சுளிக்கிறோம். தக்காளியும் மிளகாயும் உருளைக்கிழங்கும் எங்கேயிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை. கோதுமை வெளியிலிருந்து வந்தது, உண்மை. பஞ்சத்தில் வந்தது, உண்மை. ஆனால் வந்ததை வீசி, மடித்து, சுருட்டி, அடித்து, சால்னா ஊற்றி, ராத்திரி பதினோரு மணிக்குப் பையில் நாற்பது ரூபாயோடு வருகிறவன் வயிறு நிறையும்படி செய்தது நம்ம வேலை. அந்த வேலைக்குத்தான் நான் மார்க் போட்டேன்.

பெருங்களத்தூர் மாஸ்டருக்கு ஏன் 10 போடவில்லை என்று கேட்பீர்கள். மூன்றாவது தடவை சால்னா கேட்டபோது வாளி காலி. அதற்கு ஒரு மார்க் போயிற்று. அண்ணே, மன்னிச்சுக்கோங்க, ரூல்ஸ் ரூல்ஸ்தான்.

உங்கள் ஊரில் 10 மார்க் கடை இருந்தால் சொல்லுங்கள். அடுத்த லீவுக்கு பஸ் டிக்கெட் போட்டுவிடலாம்.